செரண்டா முதல் கோலகுபு பாரு வரை: தோட்டத்து வழியில் நடப்போர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாள் காலையில் முதுகுப்பையும் தொப்பியுமாக, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள செரண்டா ரயில் நிலையத்தில் இறங்கி, தோட்டத்து வழியாகவும் பழைய சாலை வழியாகவும் கோலகுபு பாரு வரை நடந்து, அங்கிருந்து கம்யூட்டர் ரயிலில் வீடு திரும்பும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவி வருகிறது. நல்ல பழக்கம்தான். இரண்டு முனையிலும் ரயில் நிற்கிறது. காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு மறுபடியும் அதே இடத்திற்கு வந்து சேர வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் வருபவர்களில் பலர் கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிக் காலை எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்புகிறார்கள். உச்சி வெயிலில் ஏதாவது ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் கையில் தண்ணீர் இல்லாமல், வெளியே போகும் கேட்டும் தெரியாமல் நிற்கிறார்கள். இந்த வட்டாரத்துப் பாதைகளில் நடந்து பழகியவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம். இடமளித்து வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் தூரக் கணக்கு. செரண்டா நிலையத்திற்கும் கோலகுபு பாரு நிலையத்திற்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலால் நடக்கும்போது வளைவு, சுற்று எல்லாம் சேர்த்து 23 முதல் 25 கிலோமீட்டர் வரை வரும். இடையில் பத்தாங்காலி, ராசா என இரண்டு நிலையங்கள் உண்டு. இவை சம தூரத்தில் இல்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். செரண்டாவிலிருந்து பத்தாங்காலிக்கு நேர்கோட்டிலேயே 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்தாங்காலியிலிருந்து ராசாவிற்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை. ராசாவிலிருந்து கோலகுபு பாரு நிலையம் 6 கிலோமீட்டர்.

இதனால்தான் தெற்கிலிருந்து வடக்காக நடக்கச் சொல்கிறோம். முடியாது என்று தோன்றினால் ரயிலேறிவிடலாம் என்ற வசதி எப்போது தேவைப்படும்? மதியத்திற்கு மேல்தான். கோலகுபு பாருவில் தொடங்கித் தெற்கே வருபவர்களுக்கு ராசாவும் பத்தாங்காலியும் உடம்பில் தெம்பு இருக்கும் முற்பகலிலேயே கடந்து போய்விடுகின்றன. கால் தளர்ந்து, மேகம் கறுக்கும் நேரத்தில் நடுவில் நிலையமே இல்லாத அந்த நீண்ட துண்டு எதிரே கிடக்கிறது. செரண்டாவில் தொடங்கினால் அந்தத் துண்டு குளிர்ந்த காலையில் முடிந்துவிடும். பிறகு 5, 7 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். இந்த வரிசையை மாற்றிப் போவதற்கு ஒரே ஒரு நியாயம் சொல்வார்கள்: கோலகுபு பாருவில் காலைப் பசியாறலாம் என்று. அதற்காக இந்த வசதியை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

நம் பக்கத்தில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே. நவம்பரில் கொஞ்சம் முந்தும், பிப்ரவரியில் ஏழரை வரை பிந்தும். ஏழு, ஏழே காலுக்குச் செரண்டாவில் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தால்தான் இது நடக்கும். முந்திய இரவே அட்டவணையைப் பாருங்கள். ரவாங்கிற்கு வடக்கே ரயில் அடிக்கடி வருவதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் பிற்பகல் மழை வடிவில் உங்களிடம் திரும்பி வரும்.

தார் சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர், தோட்டத்துச் செம்மண் பாதையில் 4, மதியம் 12 மணிக்கு மேல் எந்தப் பாதையானாலும் மூன்றரை. இப்படிக் கணக்குப் போட்டால் நடை மட்டும் ஆறு மணி நேரம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, பத்தாங்காலியில் அரை மணி நேரச் சாப்பாடு ஆகியவற்றைச் சேர்த்தால் ஏழரை மணி. ஏழே காலுக்குத் தொடங்கினால் பிற்பகல் இரண்டே முக்கால் அளவில் முடியும். மேற்குக் கரையில் இடி மழை பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் பிடிக்கிறது. இந்தக் கால் மணி நேர இடைவெளியை நம்பித்தான் முழுத் திட்டமும் இருக்கிறது. எனவே ஒரு கண்டிப்பான விதி: பகல் பதினொன்றரைக்குப் பத்தாங்காலியை எட்டாத குழு அங்கேயே ரயிலேறிவிட வேண்டும். ராசா வரை போய்ப் பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது.

இனி அனுமதி. தோட்டம் தனியார் நிலம். கேட்டில் உள்ள 'டிலாராங் மாசோக்' (நுழையத் தடை) பலகை அலங்காரத்திற்கு வைத்ததன்று. செம்பனைக் குலைத் திருட்டும் உதிரிப் பழத் திருட்டும் தோட்டங்களுக்குப் பெரிய தலைவலி. பெரிய பையோடு ஐந்தாறு இளைஞர்கள் காட்டிலிருந்து வெளியே வந்தால் ஜாகா (காவலாளி) சந்தேகப்படத்தான் செய்வார். அது அவர் வேலை. கோணிப்பை, பாராங் கத்தி எதையும் கொண்டு போகாதீர்கள். கீழே சிவப்பாகச் சிதறிக் கிடக்கிறதே என்று ஒரு பழத்தைக்கூடப் பையில் போடாதீர்கள்.

அனுமதி கேட்பது கடினமில்லை, கேட்கும் நேரம்தான் முக்கியம். விடியற்காலைப் பெரட்டு (வேலையாட்களின் பெயர் எடுப்பு) முடிந்ததும் மேனேஜரும் தண்டல்களும் (மேற்பார்வையாளர்களும்) வெளிக்காட்டுக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் ஆபீசுக்குப் போனால் கிராணியையாவது (எழுத்தரை) பார்க்கலாம். வார நாளில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும்: நடக்கும் தேதி, நுழையும் நேரம், வெளியேறும் நேரம், எத்தனை பேர், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், எந்தக் கேட்டில் நுழைந்து எந்தக் கேட்டில் வெளியேறுவது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நுழைவாயில் கேட் திறந்திருக்கும். நான்கு கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் உள்ள கேட் விடுமுறை நாளில் பூட்டியிருக்கும். ஆளுயரக் கம்பி வேலிக்கு முன் நின்றுகொண்டு போன வழியே திரும்பினால் எட்டுக் கிலோமீட்டர் வீண். எனவே இரண்டு கேட்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மேனேஜர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தாளாகவே கொண்டு போங்கள். கைப்பேசியில் படம் காட்டினால் எல்லா ஜாகாவும் ஏற்றுக்கொள்வதில்லை.

அன்றைக்கு எந்தக் காட்டில் (தோட்டத்தின் நடவுப் பிரிவில்) மருந்தடிப்பு, எந்தக் காட்டில் குலை வெட்டு என்பதையும் கிராணியிடமே கேட்டுக்கொள்ளலாம். களைக்கொல்லி அடித்த காட்டில் புல் நனைந்திருக்கும்போது நடந்தால் கால்சட்டை வழியே தோலில் படும். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் பன்னீர் ஆகிவிடவில்லை. நான்கு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அனுமதி எளிதில் கிடைக்கும். இருபது, முப்பது பேராகப் பதாகை பிடித்துக்கொண்டு போகும் நடைக்கு இந்த வழி ஏற்றதில்லை என்பது எங்கள் கருத்து; அவர்கள் பழைய சாலையோடு போகட்டும்.

தோட்டப் பாதைகளின் பெயரை நாங்கள் வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை அழித்து மறு நடவு செய்கிறார்கள். அப்போது பழைய பாதை போய்ப் புதிய படிக்கட்டு நிலமும் புதிய கான்களும் (வடிகால்களும்) வந்துவிடும். தோட்டமே கைமாறி வீடமைப்புத் திட்டமாகவும் ஆகும். செரண்டாவிற்கு வடமேற்கே புக்கிட் பெருந்தோங் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். கைப்பேசி வரைபடத்தில் தெரியும் மெல்லிய கோடு யாரோ எப்போதோ சைக்கிளில் போன தடமாக இருக்கலாம். கடிதம் வாங்கப் போகும்போது ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் தோட்ட வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதுதான் இன்றைய பாதை.

வழி அடையாளத்திற்கு நாங்கள் நம்புவது கோயில்களை. லயங்களை (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை) இடித்துவிட்டாலும் மாரியம்மன் கோயிலும் முச்சந்தி முனியாண்டியும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அங்கே நிழல் உண்டு, பல இடங்களில் தண்ணீர்க் குழாயும் உண்டு. செருப்பைக் கழற்றி, பொறுப்பாளர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவிழா நாளில் போனால் அன்னதானமும் கிடைக்கும், ஆனால் அன்றைக்கு நடை முடியாது. சாப்பாட்டிற்குப் பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு அடையாளம் காட்டு முனைப் பலகை. ஒவ்வொரு காட்டின் முனையிலும் காட்டு எண், நட்ட ஆண்டு, ஹெக்டர் அளவு எழுதிய சிறு பலகை நட்டிருப்பார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது அடிபட்டு ஆபீசுக்கு அழைக்க நேர்ந்தால், "நிறைய செம்பனை மரம் இருக்கிறது" என்று சொல்வதால் யாருக்கும் இடம் விளங்காது. பலகையில் உள்ளதைப் படித்தால் டிராக்டர் நேராக வந்துவிடும்.

செம்பனைக் காட்டுக்குள் குறுக்கு வழி கிடையாது. மரங்களை முக்கோண அமைப்பில் 9 மீட்டர் அளவு இடைவெளியில் நடுவார்கள். ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம். ஒரு நெறை (மர வரிசை) விட்டு ஒரு நெறையில் குலை வெட்டுபவர் நடக்கும் பாதை, அடுத்ததில் வெட்டிய மட்டைகளின் குவியல். பாதையோடு போகும்வரை சுகமாக இருக்கும். பக்கத்துச் சாலை கண்ணுக்குத் தெரிகிறதே என்று நெறையைக் குறுக்கே கடந்தால் மட்டைக் குவியலில் கால் வைக்க வேண்டும். மட்டையின் அடிக்காம்பு முள் ரப்பர்ச் செருப்பைத் துளைக்கும், உள்ளேயே முறிந்து சீழ் பிடிக்கும். எலி வாழ்வது அந்தக் குவியலில். எலியைத் தேடிக் கருநாகம் வருவதும் அங்கேதான். தோட்டத்துக் கருநாகம் விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பும் வகை. கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்து, கையில் உள்ள தண்ணீரை எல்லாம் ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு மருத்துவமனை. கடித்துவிட்டால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 999க்கு அழையுங்கள். இந்த வழிக்கு வடமுனையில் அரசு மருத்துவமனை கோலகுபு பாருவில் இருக்கிறது.

குலை வெட்டும் காட்டைக் கடக்கும்போது கவனம் தரையில் இருந்தால் போதாது. பத்து, இருபது கிலோ எடையுள்ள குலை உயரத்திலிருந்து விழும். அதற்கு முன் மட்டை விழும். நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாள் ஆடிக்கொண்டிருக்கும். வெட்டுபவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது. தூரத்திலேயே நின்று குரல் கொடுத்து, அவர் கம்பைத் தாழ்த்திக் கைகாட்டிய பிறகு போங்கள். பெரும்பாலும் அவர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருப்பார். ஒரு "அபாங்" (அண்ணன்) போதும், புரிந்துகொள்வார். ஒரே காட்டில் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டு வரும் என்பதால் போன மாதம் அமைதியாக இருந்த பாதை இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியாது.

ரயில் பாதையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் உயிர் போகும் தவறு இங்கேதான் நடக்கும். ரவாங்கிலிருந்து வடக்கே செல்வது பழைய ஒற்றைப் பாதை அன்று. மின்மயமாக்கிய இரட்டைப் பாதை, மேலே 25,000 வோல்ட் கம்பி. இடிஎஸ் என்னும் நகரிடை விரைவு ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது ஒரு வினாடிக்கு 39 மீட்டர். மின்சார ரயில் என்பதால் முன்பு போல டீசல் எஞ்சின் சத்தம் தூரத்திலேயே கேட்காது. ஒரு ரயில் போய் முடிந்ததும் கடக்கலாம் என்று கால் வைப்பவரை எதிர்த் தடத்தில் வரும் ரயில் அடிக்கும். வேலியில் யாரோ பிரித்து வைத்த ஓட்டை இருக்கலாம். அது வழி அன்று, சட்டப்படிக் குற்றமும் ஆகும்.

இதன் நடைமுறை விளைவு என்ன? இரட்டைப் பாதை போட்டபோது பழைய மட்டக் கடவைகளை (லெவல் கிராசிங்) மூடி, மேம்பாலமோ கீழ்ப்பாலமோ கட்டினார்கள். ஒரு தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களுக்கு நடுவே முன்பு நூறு அடியில் கடந்த இடத்திற்கு இப்போது ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். வரைபடத்தில் பழைய கடவை இன்னும் கோடாகவே தெரியும். ஆகவே வீட்டிலேயே உட்கார்ந்து, தண்டவாளத்தைக் கடக்க வேண்டிய இடங்களைப் பாலம் உள்ள இடமாகப் பார்த்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாலத்திலிருந்து பாலத்திற்கு வழியை இழுங்கள். பாதையை முதலில் போட்டுவிட்டுப் பாலத்தைத் தேடுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். இயன்றவரை தண்டவாளத்தின் ஒரே பக்கத்தில் நடப்பது இன்னும் நல்லது.

இந்தத் தடம் பழையது. ரவாங் வரை 1892இலும், செரண்டா வரை 1893இலும், கோலகுபு வரை 1894இலும் ரயில் வந்தது வெள்ளீயத்திற்காக. அதே 1894இல் சுரங்க முதலாளிகளான தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரப் பம்புகளை ஓட்டினார்கள். சுரங்கம் போய்விட்டது, குட்டைகள் நிற்கின்றன. வழியில் பச்சை நீரோடு அழகான குட்டை தெரிந்தால் இறங்க வேண்டாம். கரை மணல், பிடிப்பு இல்லை. இரண்டு அடி தள்ளினால் ஆழம். நீச்சல் தெரிந்தவர்களும் கரையேற முடியாமல் போவது இதனால்தான். குட்டைக்கும் குட்டைக்கும் இடையே வரைபடம் காட்டும் வரப்பு மழைக்காலத்தில் அறுந்து போயிருக்கும்.

பழைய சாலை, அதாவது கூட்டரசுச் சாலை 1, இந்த வழி முழுவதற்கும் முதுகெலும்பு. தோட்டத்து அனுமதி கிடைக்காத துண்டுகளை இதன் ஓரமாகத்தான் முடிக்க வேண்டும். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும் குறுகிய வளைவில் எதிரே வருபவர் உங்களைக் கடைசி நொடியில்தான் காண்பார். அங்கு மட்டும் முன்கூட்டியே சாலையைக் கடந்து மறுபக்கம் போய், வளைவு முடிந்ததும் திரும்புங்கள். லாரி போகும்போது எழும் காற்று குடையைப் பறித்துச் சாலையில் போட்டுவிடும், மடக்கிப் பிடியுங்கள். கறுப்பு டி-சட்டை இளைஞர்களுக்குப் பிடித்தது என்றாலும் அன்றைக்கு ஒரு நாள் மஞ்சள் போடலாம்.

தண்ணீர் கணக்கு எளிது. செரண்டாவிலிருந்து ஒவ்வொருவரும் ஒன்றரை லிட்டர், பத்தாங்காலியில் மீண்டும் இரண்டு லிட்டர். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். செம்பனை நிழலில் வெயில் தெரியாது, ஆனால் காற்றோட்டம் இல்லாததால் வியர்வை காயாது. உடம்பு சூடு தணிய வழியில்லை. வெட்டவெளியைவிட அங்கே சோர்வு சீக்கிரம் வருவது இதனால். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உப்பு குறைந்து கெண்டைக்கால் இழுக்கும். மருந்துக்கடை உப்புக்கரைசல் பொட்டலம் இருந்தால் அதில் எழுதிய அளவு தண்ணீரில் கலக்குங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. தெ தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) இதற்கு ஈடாகாது. யாராவது பேச்சுக் குழறி, திசை தெரியாமல் நடந்தால் அது களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999க்கு அழைக்க வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் தோதானவை. ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் மாலை மழைக்குப் பேர்போனவை. ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வந்தால் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் வீட்டில் இருந்துகொள்ளலாம்.

இடி கேட்டதும் நடையை நிறுத்துங்கள். நாலு சுவருள்ள கட்டடம் அல்லது மூடிய வண்டி மட்டுமே பாதுகாப்பு. தனி மரத்தடி, கம்பி வேலி ஓரம், நாலு தூணில் தகரம் போட்ட கொட்டகை மூன்றும் ஆகாது. குடையை மடக்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே புறப்பட வேண்டும். அந்த அரை மணியில் பொறுமை இழந்து கிளம்புகிறவர்களே மிகுதி. மழைக்குப் பின் செம்மண் ஏற்றம் சோப்பு போட்டது போல வழுக்கும், லாரித் தடத்தின் நடுத்திட்டில் புல் மேல் கால் வைத்து நடந்தால் பிடிப்புக் கிடைக்கும்.

ஆற்றில் குளிப்பது இன்னொரு ஆசை. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயிர் (திடீர் ஆற்று வெள்ளம்) வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் அடித்து வந்தால் சாமான்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். ஈர நாளில் பத்தாங்காலியிலிருந்து கிழக்கே கெந்திங் மலைச் சாலைப் பக்கம் திரும்பவே வேண்டாம். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் அந்தச் சாலையோர முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் மாண்டதை இந்த வட்டாரம் மறக்காது.

காலணியைப் பற்றி வாக்குவாதம் எப்போதும் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் போடும் ரப்பர் காலணி, பிள்ளைகள் அடிடாஸ் கம்போங் என்று சொல்வது, சேற்றுக்கு அதைப் போல் வேறில்லை, விலையும் குறைவு. ஆனால் இந்த வழியில் பாதிக்கு மேல் தார். சூடான தாரில் மெல்லிய ரப்பர் அடிப்பாதத்தைப் பொசுக்கும், வியர்வை வெளியேறாமல் தோல் ஊறிக் கொப்புளம் கட்டும். முழுக்கத் தோட்டத்து வழி என்றால் அது. கலந்த வழி என்றால் பழகிய ஓட்டக் காலணி. புதுக் காலணி வேண்டவே வேண்டாம். கால் மதியத்தில் வீங்கும் என்பதால் விரல் முன்னே சற்று இடம் வேண்டும். குதிகாலில் உரசல் தெரிந்த உடனே, கொப்புளம் ஆவதற்கு முன்பே ஒட்டுப் பட்டை போட வேண்டும். பத்தாங்காலியில் உலர்ந்த காலுறை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பிற்பகல் நடை முழுவதையும் அது காப்பாற்றும். முழங்கால் வரை சேறு பட்டால் கீறல் இருக்கிறதா பார்த்துச் சோப்பால் கழுவுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் காய்ச்சல் வரும். நடந்து இரண்டு வாரத்திற்குள் கடுங்காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் தோட்டத்தில் நடந்த செய்தியையும் சொல்ல வேண்டும்.

மற்றபடி ஒரு குடை, விசில், சாமணம், கைவிளக்கு, மின்கலச் சேமிப்பு (பவர் பேங்க்), கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பை நான்கைந்து கிலோவுக்கு மேல் கனத்தால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள். லயத்து நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் நின்று, குடையைத் தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தால் விட்டுவிடும். பிள்ளைகளோடு வருபவர்கள் முழு வழியையும் நினைக்க வேண்டாம். பத்தாங்காலியில் இறங்கி ராசா வழியாகக் கோலகுபு பாரு நிலையம் வரை 12 கிலோமீட்டர் அளவு நடந்தால் போதும்.

கடைசியில் பலரை ஏமாற்றுவது கோலகுபு பாரு. நிலையம் ஊருக்குள் இல்லை. ஊர் அங்கிருந்து கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1883இல் அணை உடைந்து பழைய ஊர் அழிந்ததும், பின்னர் வெள்ளத்திற்குத் தப்பி மேட்டில் புது ஊர் எழுந்ததும் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த கதை. சாப்பாட்டை நினைத்து ஊருக்குப் போனால் நிலையத்திற்குத் திரும்பும் தூரத்தையும் சேர்த்து 6 கிலோமீட்டர் கூடும். ஊர் பார்க்க வேண்டியதுதான், அதற்கு வாடகைக் காரை அழையுங்கள் அல்லது வேறொரு நாள் வாருங்கள். களைத்த காலோடு நிலையத்திற்கு நேரே போகிறவர்கள் ராசாவிலேயே ஏதாவது வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கேடிஎம் ரயில் நிறுவனத்திற்கும் உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திற்கும் இரண்டு கோரிக்கைகள். செரண்டா நிலைய வாசலில், அடுத்த நிலையமான பத்தாங்காலிக்கு நடை தூரம் எவ்வளவு, இடையில் தண்டவாளத்தைக் கடக்கும் பாலங்கள் எங்கே என்று காட்டும் ஒரு வரைபடப் பலகை வேண்டும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இருந்தால் நல்லது. கோலகுபு பாரு நிலையத்தில் ஊர் 3 கிலோமீட்டர் என்று அம்புக்குறியோடு எழுதி வைக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது ஆபீசில் ஓர் அனுமதிப் படிவம், அவ்வளவுதான். கேட்டுவிட்டு வருபவர்களுக்கு அது கிடைத்தால் வேலியைத் தாண்டுபவர்கள் குறைவார்கள், ஜாகாவுக்கும் வேலை எளிதாகும்.

டச் அண்ட் கோ அட்டையில் திரும்பும் கட்டணத்திற்குப் போதுமான பணத்தைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். சிறிய நிலையங்களில் பிற்பகலில் பயணச்சீட்டு முகப்பு மூடியிருக்கக் கூடும். கம்யூட்டர் பயணத்திற்கான கட்டணம் இடிஎஸ் ரயிலுக்குச் செல்லாது. அதே தடத்தில் நிற்காமல் போகும் இடிஎஸ் வரும்போது மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், கழற்றி வைத்த காலணியையும் உள்ளே இழுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
நடைப்பயணிகள் சிலர்,
பத்தாங்காலி, உலு சிலாங்கூர்.